இழுப்பதற்கு முன் விடுவியுங்கள்

(கனரக வாகன ஓட்டுநர்களும் பட்டறைத் தொழிலாளர்களும் பாலிடெக்னிக் மாணவர்களும் கூடியிருந்த அரங்கில், நாமக்கல்லில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



சேற்றிலோ மணலிலோ இறங்கி நகர மறுக்கும் கனரக வண்டியை, கையால் இயக்கும் கருவிகளைக் கொண்டே எப்படி வெளியே எடுப்பது என்பதுதான் இன்றைக்கு நான் பேச எடுத்துக்கொண்ட பொருள். இதில் நான் வலியுறுத்திச் சொல்ல விரும்புவது ஒன்றுதான். சிக்கிய வண்டியை இழுப்பதற்கு முன்னால், அதைப் பிடித்து வைத்திருப்பது எதுவோ அதை விடுவிக்க வேண்டும். இந்த வரிசை மாறும்போதுதான் சங்கிலி அறுகிறது, சேஸிஸ் வளைகிறது, மனிதர் உயிர் போகிறது.

நம்மூர் வண்டிகள் பார்க்காத மண் இல்லை. திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் மாநிலம் மாநிலமாகப் போய் போர்வெல் போடுகின்றன. கரும்பு லாரி வயலுக்குள்ளேயே இறங்கி லோடு ஏற்றுகிறது. ஏரியில் வண்டல் அள்ள டிப்பர் இறங்குகிறது. ஐப்பசி அடைமழையில், எதிரே வரும் பஸ்ஸுக்கு ஒதுங்கப்போய் ரோட்டோர மண்ணில் ஒரு பக்கச் சக்கரத்தை இறக்கிவிட்டு நிற்கிறது டாரஸ் லாரி. இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு வண்டி சிக்குவது நடக்கத்தான் செய்யும். சிக்கியதும் ஓட்டுநர் முதலில் என்ன செய்கிறார் என்பதைப் பொறுத்துத்தான், அது அரை நாள் வேலையா, மூன்று நாள் தொல்லையா என்று முடிவாகிறது.

காலை எடுங்கள்

வண்டி திணறியதும் கால் தானாக ஆக்சிலரேட்டருக்குப் போகிறது. அங்கேதான் கெடுதல் தொடங்குகிறது. டிஃபரன்ஷியலின் வேலை, வளைவில் திரும்பும்போது உள்பக்கச் சக்கரமும் வெளிப்பக்கச் சக்கரமும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற இடம் கொடுப்பது. சேற்றில் இந்த ஏற்பாடு நமக்கு எதிராகத் திரும்பிவிடுகிறது. பிடிப்பில்லாத சக்கரத்தைச் சுழற்ற எவ்வளவு விசை போதுமோ, அவ்வளவுதான் பிடிப்புள்ள பக்கத்துக்கும் கிடைக்கும். ஆகவே ஒரு சக்கரம் வீணாகச் சுற்றுகிறது, மறுசக்கரம் அசையாமல் நிற்கிறது. சுற்றுகிற சக்கரம் தனக்குக் கீழே தானே குழி தோண்டிக்கொண்டு இறங்குகிறது. டிஃபரன்ஷியல் ஹவுசிங் மண்ணில் உட்காரும் வரைக்கும் அது ஓயாது.

அதனால் முதல் வேலை என்ஜினை நிறுத்துவது. இறங்கிப் போய் வண்டியைச் சுற்றி வாருங்கள். எந்தச் சக்கரம் எவ்வளவு இறங்கியிருக்கிறது, வண்டியின் அடிப்பாகம் எங்கே மண்ணைத் தொடுகிறது, வந்த வழி உறுதியாக இருக்கிறதா, முன்னால் உள்ள தரை எப்படி என்று பாருங்கள். குனிந்து, கையை விட்டுப் பாருங்கள். சாலையோரமாக இருந்தால் எச்சரிக்கை முக்கோணத்தைத் தொலைவில் வைத்து, விளக்கைப் போட்டுவிட்டுத்தான் அடுத்த வேலை.

மண்ணின் மூன்று பிடிகள்

லோடு லாரியின் டயரில் காற்றழுத்தம் சுமார் 100 பி.எஸ்.ஐ. அதாவது சதுர சென்டிமீட்டருக்கு 7 கிலோ. டயர் தரையை அமுக்கும் அழுத்தமும் ஏறத்தாழ அதே அளவுதான். தார் ரோடு அதைத் தாங்கும். மழையில் ஊறிய களிமண் சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோவைத் தாங்கவே திணறும். எனவே சக்கரம் இறங்குகிறது. எடை போதிய பரப்பில் பரவும் வரை இறங்கிக்கொண்டே போகிறது.

இறங்கிய வண்டியை மண் மூன்று விதமாகப் பிடிக்கிறது. முதலாவது, சக்கரத்துக்கு முன்னால் நிற்கும் மண்சுவர். சக்கரம் நகர வேண்டுமானால் அந்தச் சுவரை ஏற வேண்டும், அல்லது இடிக்க வேண்டும். இரண்டாவது, அடிப்பாகம் மண்ணில் உட்கார்ந்து உராய்வது. அச்சும் ஹவுசிங்கும் தரையில் படிந்துவிட்டால் அது சக்கரத்தில் ஓடும் வண்டி அல்ல, தரையில் இழுபடும் பாரம். மூன்றாவது, களிமண்ணின் உறிஞ்சல். கரிசலிலும் காவிரிப் படுகைக் களியிலும் வேலை செய்தவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். சக்கரத்தைத் தூக்கப் போனால் அடியில் காற்று நுழைய வழியில்லாததால் மண் கவ்விப் பிடிக்கும். எங்காவது ஒரு வழியாகக் காற்று உள்ளே போனால் அந்தப் பிடி சட்டென்று விட்டுவிடும்.

இதற்கு எவ்வளவு விசை வேண்டும்? ஆறு சக்கர லாரி ஒன்றை எடுத்துக்கொள்வோம். சுமையோடு 18 டன். நல்ல தார் ரோட்டில், சமதளத்தில், நியூட்ரலில் இருக்கும் அந்த லாரியை நகர்த்த அதன் எடையில் நூற்றில் ஒரு பங்கு போதும், அதாவது 180 கிலோ. நாலைந்து பேர் சேர்ந்து தள்ளினால் நகரும். அதே லாரி சேற்றில் சக்கர ஆழத்துக்கு இறங்கிவிட்டால்? அமெரிக்க ராணுவத்தின் வாகன மீட்புக் கையேடுகள் இதற்கு ஒரு எளிய கணக்கு வைத்திருக்கின்றன. சக்கர ஆழத்துக்குப் புதைந்தால் வண்டியின் எடைக்குச் சமமான இழுவிசை தேவை. மட்கார்டு வரை புதைந்தால் இரண்டு மடங்கு. அதற்கும் மேலே, கேபின் அளவுக்குப் போய்விட்டால் மூன்று மடங்கு.

180 கிலோவில் நகர்ந்த வண்டிக்கு இப்போது 18 டன் தேவை. நூறு மடங்கு! வண்டியின் எடை ஒரு கிலோகூடக் கூடவில்லை. கூடியது மண்ணின் பிடி. அந்தப் பிடியைக் குறைக்க முடியும் என்பதே கைக்கருவிகளால் இந்த வேலையைச் செய்ய முடிவதற்குக் காரணம்.

மண்வெட்டி செய்யும் வேலை

எந்தப் பக்கம் வெளியே போவது என்று முதலில் தீர்மானியுங்கள். பெரும்பாலும் வந்த வழியே திரும்புவதுதான் நல்லது. அந்தத் தடம் ஏற்கெனவே அமுங்கி இறுகியிருக்கிறது. அங்கே என்ன இருக்கிறது என்பதும் தெரியும். முன்னால் உள்ள மண் எப்படிப்பட்டது என்பது தெரியாது.

பிறகு பின்பக்க இரட்டைச் சக்கரத்தின் அருகே உட்காருங்கள். இரண்டு டயருக்கும் நடுவே களி அடைத்துக்கொண்டு இறுகிக் கிடக்கும். கடப்பாரையின் நுனியால் மேலிருந்து கீழாக அதைக் குத்திக் குத்தி உதிர்க்க வேண்டும். அடுத்து, சக்கரத்தின் பக்கவாட்டை ஒட்டி மண்ணை வெட்டி எடுங்கள். டயரின் ஓரம் முழுவதும் கண்ணில் படவேண்டும். கடைசியில் கடப்பாரையை டயருக்கு அடியில் சாய்வாகச் செலுத்தி, மெல்ல ஆட்டி உருவுங்கள். அந்தத் துளை வழியாகத் தண்ணீர் கலங்கிக்கொண்டு உள்ளே இறங்கும். கூடவே 'ப்ளக்' என்று காற்று நுழையும் சத்தம் கேட்கும். அந்தச் சத்தம் கேட்டால் உறிஞ்சல் விட்டுவிட்டது என்று பொருள். நாலு சக்கர இடத்திலும் இதைச் செய்ய வேண்டும். முன்சக்கரம் லேசாகத்தான் இறங்கியிருக்கிறது என்று விட்டுவிடக் கூடாது. ஸ்டியரிங்கை நேராக்கி, அதற்கும் வழி வெட்ட வேண்டும். அடிப்பாகம் தரையில் உட்கார்ந்திருந்தால், நீண்ட கைப்பிடி போட்ட மண்வெட்டியால் வெளியில் இருந்தபடியே மண்ணை இழுக்க வேண்டும். வண்டிக்கு அடியில் தலையையும் உடம்பையும் கொடுத்து யாரும் தோண்டக் கூடாது.

அடுத்தது ஜாக்கி. லாரியில் இருக்கும் பாட்டில் ஜாக்கிக்குத் தூக்கும் பலம் தாராளமாக உண்டு. சேற்றில் அதை வைத்தால் வண்டி மேலே வராமல் ஜாக்கி கீழே போய்விடும். கணக்கைப் பாருங்கள். ஒரு பக்கத்துக்கு 4 டன் பாரம் வருகிறது என்போம். ஜாக்கியின் அடிப்பாகம் 12 சென்டிமீட்டர் சதுரம் என்றால் 144 சதுர சென்டிமீட்டர். ஒவ்வொன்றிலும் 28 கிலோ ஏறுகிறது. அதே ஜாக்கியை 60 சென்டிமீட்டர் சதுரமுள்ள கனமான பலகையின் மேல் வைத்தால் பரப்பு 3,600 ஆகிறது, அழுத்தம் 1.1 கிலோவாகக் குறைகிறது. பலகை மெல்லியதாக இருந்தால் நடுவில் வளைந்து பிளந்துவிடும், பாரம் பரவாது. குறுக்கும் நெடுக்குமாக இரண்டு அடுக்குக் கட்டை போட்டு, மேலே ஒரு இரும்புத் தகடு வைத்து, அதன்மேல் ஜாக்கியை நிறுத்துவதுதான் சரி.

எதிர்ச் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் முட்டுக்கட்டை கொடுத்த பிறகே தூக்க வேண்டும். ஒரே மூச்சில் தூக்காதீர்கள். கொஞ்சம் தூக்கியதும் சக்கரத்துக்கு அடியில் கருங்கல், செங்கல், கட்டை என்று கிடைத்ததை நீண்ட கழியால் தள்ளி இறுக்குங்கள். மறுபடி கொஞ்சம் தூக்குங்கள், மறுபடி இறுக்குங்கள். ஒன்றரை அடி ஆழத்தில் கிடந்த சக்கரம் இப்படி ஒரு அடி மேலே வந்துவிட்டால் மிச்சம் அரை அடிதான். அரை அடி ஏற 5 அடி நீளத்துக்குச் சரிவு வெட்டினால், பத்துக்கு ஒன்று என்ற மிதமான ஏற்றம் கிடைக்கிறது. சரிவின் மேல் பலகையோ தகடோ விரித்துவிட்டால் சக்கரத்துக்குப் பாதை தயார்.

இப்போது 18 டன் லாரியின் கணக்கை மறுபடி போடுவோம். பலகை போட்ட மென்மண்ணில் ஓட, எடையில் ஐந்தில் ஒரு பங்கு என்று தாராளமாகவே வைத்துக்கொள்ளுங்கள்: 3.6 டன். சரிவு ஏற, பத்தில் ஒரு பங்கு: 1.8 டன். இரண்டும் சேர்ந்து 5.4 டன். 18 டன் தேவைப்பட்ட இடத்தில் 5.4 டன் போதும் என்றாகிவிட்டது. மிச்சம் 12 டன்னுக்கும் மேலான இழுவிசையை மண்வெட்டியும் கடப்பாரையும் ஜாக்கியும் நாலு பலகையும் சேர்ந்து இல்லாமல் செய்துவிட்டன. எந்தக் கிரேனும் வரவில்லை.

பாலைவனத்தில் கற்றது

இந்த வேலையை ஒரு கலையாகவே வளர்த்தவர்களில் ரால்ஃப் பேக்னால்டு முக்கியமானவர். எகிப்தில் பணியாற்றிய பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி. 1920-களின் கடைசியிலும் 1930-களின் தொடக்கத்திலும் நண்பர்களோடு சாதாரண ஃபோர்டு கார்களை எடுத்துக்கொண்டு லிபியப் பாலைவனத்துக்குள் போனார். வண்டி போகவே முடியாது என்று பலர் சொன்ன மணற்கடல் அது. மென்மணலில் சக்கரம் இறங்கும்போது என்ன செய்வது? முதல் உலகப் போரில் பதுங்குகுழிகளுக்குக் கூரை போடுவதற்காகச் செய்த எஃகுத் தகடுகள் கெய்ரோவின் பழைய இரும்புக் கடையில் கிடைத்தன. சக்கரத்துக்கு முன்னால் மணலை வாரிவிட்டு, அந்தத் தகடுகளைச் செருகி, அவற்றின் மேல் வண்டியை ஏற்றி உறுதியான மணலுக்குக் கொண்டுபோனார்கள். பிறகு தகடுகளைத் தூக்கிக்கொண்டு வண்டியின் பின்னாலேயே போய் ஏற்றிக்கொண்டார்கள். டயரில் காற்றைக் குறைத்து, தரையில் படும் பரப்பைக் கூட்டினார்கள். எடையைப் பரப்பால் வகுக்கும் அதே கணக்குத்தான்.

1940-ல் இரண்டாம் உலகப் போரின்போது அவர் உருவாக்கிய 'லாங் ரேஞ்ச் டெசர்ட் குரூப்' என்ற படைப்பிரிவு, ஒன்றரை டன் ஷெவர்லே லாரிகளில் இதே தகடுகளைக் கட்டிக்கொண்டு எதிரியின் முதுகுப்புறம் வரை போய் வந்தது. மண்வெட்டியும் தகடும் இல்லாமல் அந்த லாரிகளில் ஒன்றும் புறப்பட்டதில்லை. மணலைத் தோண்டித் தோண்டிப் பழகிய பேக்னால்டு, காற்றில் மணல் எப்படி நகர்கிறது என்பதை ஆராய்ந்து 1941-ல் ஒரு நூல் வெளியிட்டார். செவ்வாய்க் கோளின் மணல்மேடுகளை ஆராய்பவர்கள் இன்றும் அந்த நூலிலிருந்துதான் தொடங்குகிறார்கள்.

அதே செவ்வாயில் 2009-ல் நாசாவின் 'ஸ்பிரிட்' ஊர்தி மென்மண்ணில் இறங்கிவிட்டது. இங்கே பூமியில், ஆய்வகத்தில், மாதிரி வண்டியை மண்ணில் நிறுத்தி மாதக்கணக்கில் ஒத்திகை பார்த்தார்கள். சக்கரத்தை இப்படியும் அப்படியும் சுற்றிப் பார்த்தார்கள். 2010 ஜனவரியில், இனி நின்ற இடத்திலிருந்தே அது ஆய்வு செய்யும் என்று அறிவித்துவிட்டார்கள். உலகின் தலைசிறந்த பொறியாளர்கள் பின்னால் இருந்தும், சக்கரத்துக்கு முன்னால் மண்ணை வார அங்கே ஒரு கை இல்லை. இன்று வண்டியில் மண்வெட்டி வைத்திருக்கும் கிளீனர் தம்பிகள் தங்கள் வேலையின் மதிப்பு என்ன என்பதை இதிலிருந்து தெரிந்துகொள்ள வேண்டும்.

கையால் இழுக்கும் கருவி

மண்ணின் பிடியைக் குறைத்தாயிற்று. இப்போதுதான் இழுவைக்கு வருகிறோம். மின்வாரியத்தில் கம்பம் நடுபவர்களும் கட்டுமான வேலைக்காரர்களும் நன்கு அறிந்த டிர்ஃபார் இயந்திரம் இதற்குச் சரியான கருவி. பிரான்ஸ் நாட்டிலிருந்து வந்த கண்டுபிடிப்பு. 0.8, 1.6, 3.2 டன் என்ற திறன்களில் கிடைக்கிறது. 3.2 டன் இழுக்கும் இயந்திரமே 25 கிலோ அளவுதான். ஒரு ஆள் தூக்கிவிடலாம். உள்ளே இரண்டு ஜோடித் தாடைகள் உண்டு. கிணற்றில் தண்ணீர் சேந்தும்போது ஒரு கை கயிற்றைப் பிடித்திருக்க மறு கை அடுத்த பிடிக்குப் போவதைப் போல, ஒரு ஜோடி கம்பிவடத்தைக் கவ்வியிருக்க மறு ஜோடி முன்னால் போய்க் கவ்வும். கைப்பிடியை ஒரு தடவை முன்னும் பின்னும் ஆட்டினால் வடம் சில சென்டிமீட்டர் நகரும். கையை எடுத்தால் அப்படியே நிற்கும். பின்னால் விடுவதற்கு வேறொரு கைப்பிடி உண்டு.

முன்னால் இழுக்கும் கைப்பிடியில் சிறு ஊசிகள் இருக்கின்றன. அளவுக்கு மீறி இழுத்தால் வடமோ கொக்கியோ அறுவதற்கு முன்பு அந்த ஊசிகள் ஒடியும்படி செய்திருக்கிறார்கள். ஊசி ஒடிந்தால் இயந்திரம் நம்மிடம், 'இன்னும் தோண்டு' என்று சொல்கிறது என்று அர்த்தம். அந்த இடத்தில் ஆணியையோ வெல்டிங் கம்பியையோ செருகி வேலையைத் தொடர்பவர், தம் உயிரைக் காத்து நிற்கும் ஒரே காவலை எடுத்துவிடுகிறார். கைப்பிடியில் நீளக் குழாய் மாட்டி நெம்புவதும் அதே தவறுதான். ஊசி என்றால் அந்த இயந்திரத்துக்கென்று உள்ள ஊசி மட்டும்தான்.

நமக்குத் தேவை 5.4 டன், இயந்திரம் 3.2 டன். இங்கே கப்பி உதவுகிறது. கப்பியை லாரியின் கொக்கியில் மாட்டுங்கள். டிர்ஃபாரை ஒரு பிடிமானத்தில் கட்டி, வடத்தைக் கப்பியைச் சுற்றிக் கொண்டுவந்து இன்னொரு பிடிமானத்தில் கட்டுங்கள். லாரியை இரண்டு வடங்கள் இழுக்கின்றன. கணக்குப்படி 6.4 டன், கப்பியின் உராய்வில் பத்தில் ஒரு பங்கு போனாலும் 5.8 டன் அளவுக்குக் கையில் நிற்கும். இழுக்கும் தூரம் இரண்டு மடங்காகும். அதனால் என்ன, அவசரம் ஒன்றும் இல்லையே. சுமையில் பாதியை இறக்கி வைத்தால் வேலை இன்னும் சுலபம். ஆள் இருந்தால் இறக்கிவிடுவதே நல்லது.

பிடிமானத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். ஏனென்றால் அதிகம் பேர் கோட்டைவிடுவது இங்கேதான். புளி, வேம்பு, அரசு போன்ற ஆழ வேரோடிய உயிர்மரம் இருந்தால் அதன் அடியிலேயே, தரையை ஒட்டி, அகலமான பட்டையால் கட்டுங்கள். சாக்கைச் சுற்றி மரப்பட்டைக்கும் பாதுகாப்புக் கொடுங்கள். மேலே கட்டினால் மரமே நெம்புகோலாகி வேரைப் பறித்துவிடும். ஈர மண்ணில் நிற்கும் ஒற்றைத் தென்னையை நம்ப வேண்டாம்.

மரமே இல்லாத வெளியில் முளை அடிக்கலாம். 5 அடி நீளமும் 3 அங்குலக் கனமும் உள்ள முளைகளை, இழுவைக்கு எதிர்ப்பக்கம் சற்றுச் சாய்த்து, 3 அடி ஆழத்துக்கு அடிக்க வேண்டும். முன்வரிசையில் மூன்று, அடுத்து இரண்டு, கடைசியில் ஒன்று. முன்முளையின் தலையைப் பின்முளையின் அடியோடு இறுக்கிக் கட்ட வேண்டும். நல்ல மண்ணில் இந்த ஆறு முளையும் சேர்ந்து ஏறத்தாழ 1.8 டன் தாங்கும் என்பது ராணுவக் கணக்கு. ஆற்றுக் களியும் மணலும் கலந்த இடத்தில் அதில் பாதிதான். எனவே 3 டன் இழுவைக்கு இது போதாது. அதற்கு ஒரு கனமான மரத்துண்டைப் புதைக்க வேண்டும். இழுவைக்குக் குறுக்காக மார்பளவு பள்ளம் வெட்டி, துண்டைக் கிடத்தி, அதன் நடுவில் கட்டிய வடம் வெளிவர ஒரு சிறு வாய்க்கால் சரிவாக வெட்டி, பள்ளத்தை மூடி மிதிக்க வேண்டும். முன்பக்கத்து மண்சுவர் கலையாமல் செங்குத்தாக இருப்பது முக்கியம். பாரம் முழுவதும் அதன் மேல்தான் விழுகிறது. இதற்கு நேரம் ஆகும். ஆனால் ஒருமுறை சரியாகப் புதைத்துவிட்டால் அது நம்மைக் கைவிடாது.

தேர் சொல்லித் தரும் நேரக் கணக்கு

கனமான வண்டியைக் கைவலிமையால் கிளப்புவதில் நம் மக்களுக்கு இருக்கும் அனுபவம் சாதாரணமானது அல்ல. திருவாரூர் ஆழித்தேருக்குத் திருச்சி பெல் நிறுவனம் இரும்புச் சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும் செய்து கொடுத்தது சமீப காலத்துச் செய்தி. அதற்கு எத்தனையோ தலைமுறைக்கு முன்பிருந்தே மரத்தேர்களை வடமும் நெம்புகட்டையும் கொண்டே நம்மவர்கள் ஓட்டியிருக்கிறார்கள். திருநெல்வேலியில் நெல்லையப்பர் தேருக்குப் பின்னால் தடி போடும் இளைஞர்களைப் பார்த்தவர்கள் இந்த அவையில் இருப்பீர்கள்.

அங்கே என்ன நடக்கிறது? நின்றுவிட்ட தேரைக் கிளப்பத்தான் அதிக விசை வேண்டும்; ஓடத் தொடங்கிவிட்டால் குறைந்த விசை போதும். வடம் பிடிப்பவர்கள் மட்டும் எவ்வளவு இழுத்தாலும் நின்ற தேர் எளிதில் கிளம்பாது. பின்சக்கரத்துக்கு அடியில் தடியைக் கொடுத்து, மறுமுனையில் இளைஞர்கள் தொங்குகிறார்கள். 8 அடித் தடியில், சக்கரத்திலிருந்து அரை அடியில் தாங்குகட்டை இருந்தால், ஒருவர் 50 கிலோ எடையைக் கொடுக்கும்போது சக்கரத்தில் 750 கிலோ விசை ஏறுகிறது. பத்துப் பேர் பத்துத் தடியில் ஏறினால் ஏழரை டன். ஆனால் இந்த ஏழரை டன்னும் முன்னால் வடம் இழுபடும் அதே நொடியில் விழ வேண்டும். அதற்காகத்தான் ஒரு குரல் முன்னறிவிக்கிறது, மேளம் காலம் கூட்டுகிறது, எல்லாக் கையும் ஒன்றாக இறங்குகிறது.

சேற்றில் கிடக்கும் லாரிக்கும் இதே பாடம் பொருந்தும். டிர்ஃபார் வடம் விறைப்பாக நிற்கும்போது, பக்கவாட்டில் பாதுகாப்பான இடத்திலிருந்து கடப்பாரையால் சக்கரத்தை ஒரு நெம்பு நெம்பினால், அசையாமல் நின்ற வண்டி அசைந்து கொடுக்கும். ஒருவர் மட்டும் குரல் கொடுக்க வேண்டும். அவர் 'நிறுத்து' என்றால், எல்லோரும் அந்தக் கணமே நிறுத்த வேண்டும். பத்துப் பேர் பத்து யோசனை கத்தும் இடத்தில் வண்டியும் வராது, ஆளுக்கும் பாதுகாப்பு இல்லை.

உயிர் முக்கியம்

நெல்லையப்பர் தேரின் வடங்கள் 2024 ஆனித் தேரோட்டத்தில் அடுத்தடுத்து அறுந்ததைச் செய்திகளில் பார்த்தோம். பார்வைக்கு எவ்வளவு தடித்திருந்தாலும் வடம் அறும். அறுந்த கம்பிவடமும் சங்கிலியும், தெறித்த கொக்கியும் தம் நீளம் எட்டும் தூரத்துக்கு எவரையும் வெட்டிப்போடும். ஆகவே இழுவை நடக்கும்போது, வடத்தின் நீளம் அளவுக்குச் சுற்றி, வேலையில் இருப்பவர்களைத் தவிர வேறு யாரும் நிற்கக் கூடாது. கப்பியில் வடம் திரும்பும் கோணத்துக்கு உள்பக்கம் ஒருபோதும் நிற்கக் கூடாது. கப்பி தெறித்தால் அந்தப் பக்கம்தான் பாயும். வடத்தின் நடுவில் நனைத்த கோணிச் சாக்குகளைப் போட்டு வையுங்கள். விறைத்த வடத்தைத் தாண்டிக் கடக்காதீர்கள். பிசிறு விட்ட கம்பிவடத்தையும், முடிச்சுப் போட்ட சங்கிலியையும், வாய் திறந்த கொக்கியையும் அன்றைக்கே ஒதுக்கிவிடுங்கள். தோல் கையுறை இல்லாமல் கம்பிவடத்தைத் தொடாதீர்கள்.

வண்டியின் பின்னால் நின்று தள்ளுவது நம் ஊரில் பழகிவிட்ட ஒன்று. ஊர் இளைஞர்கள் ஓடிவந்து நல்ல மனதோடு தோள் கொடுக்கிறார்கள். சரிவில் வண்டி பின்னால் உருண்டால் அவர்களுக்கு ஓட இடமில்லை. கால் சேற்றில் புதைந்திருக்கும். உதவிக்கு வருபவர்களை வேறு வேலைக்கு அனுப்புங்கள். கல் கொண்டுவரச் சொல்லுங்கள், பலகை கொண்டுவரச் சொல்லுங்கள், மண் வாரச் சொல்லுங்கள். வண்டிக்குப் பின்னால் ஒருவரும் வேண்டாம். வண்டி ஒரு முழம் நகரும்போதெல்லாம் முட்டுக்கட்டையைப் பக்கவாட்டில் நின்றபடி, நீண்ட கழியால் தள்ளி வையுங்கள்.

ஜேசிபி இருக்கும்போது இது எதற்கு?

ஒரு போன் செய்தால் ஜேசிபி வருமே என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஜேசிபி வரும் இடத்தில், அதை நன்றாகப் பயன்படுத்தத் தெரிந்தவர் இருந்தால், தாராளமாகக் கூப்பிடுங்கள். ஆனால் நள்ளிரவில், வெளிமாநிலத்துக் காட்டில், மழை பெய்யும்போது அது வராது. வந்தாலும் அதே சேற்றில் அதுவும் இறங்கிவிடுவது உண்டு. எல்லாவற்றையும்விட முக்கியமானது, மண்ணை விடுவிக்காமல் எந்திர பலத்தால் வெடுக்கென்று இழுப்பதில் உள்ள ஆபத்து. 18 டன் எதிர்ப்பை ஒரே இழுப்பில் வெல்லப் பார்த்தால் ஸ்பிரிங் பூட்டு உடையும், அச்சு இடம் மாறும், குறுக்குச் சட்டம் பிய்ந்து வரும். இழுக்கும் எந்திரத்தின் கேபினில் இருப்பவருக்கு வடத்தில் ஏறும் பாரம் தெரியாது.

கைக்கருவி மெதுவானது. அந்த நிதானத்தில்தான் அதன் பெருமை. கைப்பிடியைப் பிடித்திருப்பவரின் தோளுக்கு வடத்தின் இறுக்கம் தெரிகிறது. இயல்பை மீறி இறுகினால் நிறுத்துகிறார், போய்ப் பார்க்கிறார், எங்கோ ஒரு கல் தடுத்திருக்கிறது, அதை எடுக்கிறார், மறுபடி இழுக்கிறார். ஒவ்வொரு அங்குலத்திலும் யோசிக்க இடம் இருக்கிறது. அதனால்தான் ஜேசிபியைக் கூப்பிட்ட இடத்திலும், அது வந்து சேர்வதற்குள் சக்கரங்களைத் தோண்டி விடுவித்து வையுங்கள் என்கிறேன். இழுப்பது எதுவாக இருந்தாலும் விடுவிக்கும் வேலை கையால்தான் நடக்க வேண்டும்.

மூன்று வேண்டுகோள்

முதல் வேண்டுகோள் லாரி உரிமையாளர்களுக்கு. காட்டு வழியும் வயல் வழியும் போகும் ஒவ்வொரு வண்டியிலும் நல்ல மண்வெட்டி ஒன்று, கடப்பாரை ஒன்று, ஜாக்கிக்குக் கனமான அடிப்பலகை, இரண்டு இரும்புத் தகடு, நாலு முட்டுக்கட்டை, தோல் கையுறை ஆகியவற்றைக் கட்டாயம் வையுங்கள். ரிக் வண்டிக்கும் கரும்பு வண்டிக்கும் டிர்ஃபாரும் கப்பியும் மரத்துக்குப் போடும் பட்டையும் சேர்த்து வாங்கிக் கொடுங்கள். இதைச் செலவாகப் பார்க்காதீர்கள். வண்டி சிக்கினால் தாமதத்துக்காக ஓட்டுநரைக் கடிந்துகொள்ளாதீர்கள். அவசரப்படுத்துகிற போன் ஒன்று போதும், அவர் காலை மறுபடி ஆக்சிலரேட்டருக்குக் கொண்டுபோக.

இரண்டாவது வேண்டுகோள் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளிகளுக்கும் பாலிடெக்னிக்குகளுக்கும். எட்டு போடவும் மேட்டில் நிறுத்தி எடுக்கவும் சொல்லித்தருகிறீர்கள். ஒரு பழைய லாரியைச் சேற்றில் இறக்கி, மாணவர்களின் கையாலேயே அதை வெளியே எடுக்கச் சொல்லுங்கள். நெம்புகோலும் கப்பியும் பாடப்புத்தகத்தில் இருக்கின்றன. அவை கைக்கு வர வேண்டும். விசை எங்கே ஏறுகிறது, எங்கே குறைகிறது என்பதை ஒருமுறை தோளால் உணர்ந்த மாணவர் அதை வாழ்நாளில் மறக்க மாட்டார்.

மூன்றாவது வேண்டுகோள் ஓட்டுநர் தோழர்களுக்கும் கிளீனர் தம்பிகளுக்கும். இந்தக் கருவிகளை அடுத்த மழைக்கு முன்பே ஒருமுறை காய்ந்த மண்ணில் எடுத்துப் பழகிப் பாருங்கள். ஜாக்கி எண்ணெய் கசிகிறதா, வடத்தில் பிசிறு இருக்கிறதா, மண்வெட்டிக் காம்பு உறுதியாக இருக்கிறதா என்று மாதம் ஒருமுறை பாருங்கள். மூத்தவர்கள் இளையவர்களுக்குச் சொல்லிக் கொடுங்கள். வண்டி சிக்கிய இடத்தில் என்ஜினை நிறுத்தி, இறங்கி, மண்வெட்டியைக் கையில் எடுப்பவரே தொழில் தெரிந்த ஓட்டுநர் என்று நாம் எல்லோரும் மதிக்கத் தொடங்கினால், இந்தத் தொழிலில் வீணாகப் போகும் பல கைகால்களையும் உயிர்களையும் நிச்சயம் காப்பாற்றலாம்.